அடையாளம் தெரியாத வாகனம்

எங்க பெரியப்பாவை 2011ல் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். செங்கல் சூளையில் வேலை முடித்துவிட்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவர் பழக்கம். இறங்கு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவர் வயசுக்காரர்களுக்கு அந்த இடம் வந்ததும் கால் தானாகத் தரையில் ஊன்றும். அப்படி இறங்கித் தள்ளிக்கொண்டு போனவரைத்தான் பின்னால் வந்த கார் தூக்கி எறிந்தது. வலது தொடை எலும்பு முறிந்துபோனது. கார் நிற்கவில்லை.

அந்தக் காரை எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரியும். பின்கண்ணாடி முழுக்க ஒரு தலைவர் படம். அதற்குக் கீழே சாதிப் பேர், முழ நீளத்துக்கு. நம்பர் இருக்க வேண்டிய பலகையில் ஒரு சிங்கம், 'ஆண்ட பரம்பரை' என்று எழுத்து. மூலையில் எறும்பு ஊர்கிற மாதிரி என்னவோ எண்.

காவல் நிலையத்தில் கேட்டார்கள்: "வண்டி நம்பர் என்னய்யா?"

"நம்பரு தெரிலிங்க. வண்டி தெரியும். இன்னார் வூட்டு வண்டிங்க."

"இன்னார் வூட்டு வண்டின்னு நீ சொன்னா கோர்ட்ல ஒத்துக்குவாங்களா? நம்பரச் சொல்லு."

ராத்திரி பதினொரு மணி வரை உட்கார வைத்து கடைசியில் எழுதினார்கள்: 'அடையாளம் தெரியாத வாகனம்.'

பெரியம்மா வெளியே வந்ததும் சொன்னாள்: "படத்த ஒட்டிக்கினு, சாதிய எழுதிக்கினு போறான். இன்னும் இன்னாத்த அடையாளம் வேணுமாம் இவங்களுக்கு?"

இதற்கு எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது.

மோதிய வண்டியின் எண் தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். எல்லா வண்டிக்கும் கட்டாயமாக இருக்க வேண்டிய மூன்றாம் நபர் இன்சூரன்ஸிலிருந்து, அடிபட்டவரின் வயசு, கூலி, ஊனம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு நஷ்ட ஈடு வரும். எண் தெரியாவிட்டால் அது 'மோதிவிட்டு ஓடிய வண்டி' கணக்கு. அன்றைக்கு அந்தக் கணக்கில் செத்துப் போனால் 25,000 ரூபாய், பலத்த காயத்துக்கு 12,500 ரூபாய். 2022 ஏப்ரலில்தான் இது 2 லட்சம், 50,000 என்று உயர்ந்தது. பெரியப்பாவுக்கு அந்த 12,500 கூட வரவில்லை. அதற்கும் மனுப் போட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆக, நம்பர் பிளேட் என்பது வெறும் தகரம் இல்லை. கூலிக்காரரின் தொடை எலும்புக்கு விலை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற தகரம் அது.

*

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பதிவு செய்யாத வண்டியை யாரும் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய விதிகள் அந்தப் பதிவெண்ணை எப்படி எழுத வேண்டும் என்று சொல்கின்றன. எழுத்து இந்த உயரம், இந்தத் தடிமன், ஆங்கில எழுத்து, 1, 2, 3 என்கிற எண். வேறு படமோ பேரோ அலங்காரமோ கூடாது. தமிழ் படித்தவள் என்கிற முறையில், தமிழில் எழுத வழியில்லையே என்கிற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த விதியில் ஒளிந்திருக்கிற ஒரு விசயத்தை நாம் கவனிக்க வேண்டும்.

அந்தப் பலகையில் என்ன இருக்கிறது? மாநிலம், பதிவு செய்த ஆபீஸ், ஓரிரண்டு எழுத்து, நாலு எண். அப்பன் பேர் இல்லை. தெருப் பேர் இல்லை. குலம் கோத்திரம் இல்லை. நம் நாட்டில் ஒரு புது ஆளைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி 'எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?' என்பது. 'எந்தப் பக்கம்' என்றால் சாதி என்ன என்று அர்த்தம். நம்பர் பிளேட் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பண்ணையார் கார், மீன் விற்கிறவரின் டி.வி.எஸ். 50, எல்லாம் வரிசையில் அடுத்தடுத்த எண். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்கிற வகையில் எல்லோரும் ஒன்று. அரசியல் சட்டம் காகிதத்தில் சொன்ன சமத்துவத்தைத் தெருவில் கண்ணால் பார்க்க முடிகிற ஒன்றிரண்டு இடங்களில் இது ஒன்று.

வித்தியாசங்களும் உண்டு. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை. மின்சார வண்டிக்குப் பச்சை. தூதரக வண்டிக்கு நீலம். தமிழ்நாட்டில் அரசு வண்டி என்றால் 'ஜி' வரிசை, அரசு பஸ் என்றால் 'என்' வரிசை. இதெல்லாம் அந்த வண்டி என்ன வேலைக்கு ஓடுகிறது என்று சொல்கிற வித்தியாசம். பிரச்சினை வேறு இடத்தில் தொடங்குகிறது. வண்டி என்ன வேலை செய்கிறது என்பதை விட்டுவிட்டு, வண்டிக்குள் எப்பேர்ப்பட்டவர் உட்கார்ந்திருக்கிறார் என்று பலகை பேச ஆரம்பிக்கும்போது.

ஜனாதிபதி, கவர்னர் மாதிரியானவர்களின் கார்களில் வெகுகாலம் எண்ணே கிடையாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் அசோகச் சின்னம்தான். அது மோதினால் என்னவென்று புகார் கொடுப்பது? இதைக் கேட்டு டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அந்த வண்டிகளும் பதிவு எண்ணை வெளியே காட்ட வேண்டும் என்று 2018ல்தான் உத்தரவு வந்தது. சிவப்பு விளக்கு கதையும் இதேதான். யார் யாருக்கோ சுழன்றுகொண்டிருந்த விளக்கை 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உயர்ந்த அரசியல் சட்டப் பதவிகளோடு நிறுத்தச் சொன்னது. 2017 மே 1 முதல் மந்திரிகள் உட்பட எல்லோருக்கும் அதை எடுத்தார்கள். விளக்கு போனது. ஸ்டிக்கர் நின்றது. போலீஸ், பிரஸ், வக்கீல், கட்சிக் கொடி என்று ஆளாளுக்கு ஒட்டிக்கொண்டார்கள். 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் இதற்கு 500 ரூபாய் அபராதம் போட ஆரம்பித்தார்கள். இதைத் தவிர பேன்சி நம்பர். அரசுக்கே காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம். 8055 என்ற எண்ணை 'பாஸ்' என்று படிக்கிற மாதிரி எழுதிக்கொள்வார்கள். எண்ணுக்குள்ளும் ஒரு எசமானை உட்கார வைத்தால்தான் திருப்தி.

2021ல் 'பிஎச்' என்று ஒரு வரிசை வந்தது. பாரத் வரிசை. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்த அலைச்சல் இல்லாமல் நாடு முழுக்க ஒரே எண்ணில் ஓட்டலாம், வரியை 2 வருசத்துக்கு ஒருதரம் கட்டலாம் என்பது இந்த வரிசையின் சலுகை. நல்ல விசயம்தான். யாருக்கு? ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நாலு மாநிலத்திலாவது ஆபீஸ் வைத்திருக்கிற தனியார் கம்பெனிக்காரர்கள். அவர்கள்தான் தகுதியுடையவர்கள். ஏனென்றால் அவர்களுக்கு மாறுதல் வரும்.

எங்கள் காலனிப் பையன் ஒருவன் பெங்களூரில் கான்கிரீட் வேலை செய்கிறான். மேஸ்திரி எந்த சைட்டுக்குச் சொல்கிறாரோ அங்கே போவான். மூன்று வருசம் பெங்களூர், அப்புறம் ஆறு மாசம் ஐதராபாத், மறுபடி பெங்களூர். தமிழ்நாட்டு நம்பர் பைக். மாதம் ஒருதரமாவது மடக்குகிறார்கள். அவன் அலைவது மாறுதல் இல்லையாம், பிழைப்பாம். நாடு முழுக்கக் கட்டிடம் கட்டுகிறவன், சூளையில் கல் அறுக்கிறவன், கரும்பு வெட்டுகிறவன், இவர்களைவிட 'பாரத்' ஆனவர்கள் யார்? விதி எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் இவர்களை விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு இவர்கள் தெரியவே இல்லை.

*

'தகுதி' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. அங்கே உரைகாரர்கள் 'தகுதி' என்றால் நடுவு நிலைமை என்றே பொருள் சொல்வார்கள். பகைவர், நண்பர், அயலார் என்று பார்க்காமல் நிற்பது. அப்பேர்ப்பட்ட சொல் 1990ல் மண்டல் அறிக்கைக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் வாயில் என்னவாக வந்தது? 'தகுதி, திறமை'. நடுவு நிலைமை என்று இருந்த சொல், நீ உள்ளே வராதே என்று சொல்கிற சொல்லாக ஆகிவிட்டது.

அதே சொல் சலுகை விதிகளில் வேறு வேசத்தில் வரும். 'தகுதியுடைய பயனாளிகள்.' இங்கே தகுதி என்றால் இல்லாமை. கால் இல்லை, காசு இல்லை, நிலம் இல்லை. ஆக நம்மிடம் தகுதி இரண்டு விதமாக இருக்கிறது. மேலே இருக்கிறவர்களுக்குப் பதவியே தகுதி. அதை யாரும் நிரூபிக்கச் சொல்வதில்லை. கீழே இருக்கிறவர்களுக்கு இல்லாமையே தகுதி. அதை ஒவ்வொரு தடவையும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டது. இரண்டு காலும் பாதிக்கப்பட்டு கை நன்றாக இருப்பவர்களுக்கு அரசு இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுக்கிறது. அதற்காக அலைந்த கதையை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். டாக்டர் "நடந்து காட்டும்மா" என்றாராம். "நடக்க முடிஞ்சா நான் ஏங்க இங்க வர்றேன்?" என்று இவள். தவழ்ந்து காட்டிவிட்டு வந்தாள். வண்டி வந்தது. அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய விசயம் எதுவும் நடக்கவில்லை. முதல் தடவையாக யார் முதுகிலும் ஏறாமல் சந்தைக்குப் போனாள்.

அந்த வண்டிக்குச் சட்டத்தில் என்ன பேர் இருந்தது தெரியுமா? 1988 சட்டத்தில் 'இன்வாலிட் கேரேஜ்'. ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, நோயாளி, முடமானவர். இன்னொன்று, செல்லாதது. செல்லாத நோட்டு, செல்லாத ஓட்டு என்கிறோமே அது. 2019 திருத்தத்தில்தான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, உடல்நிலைக்கு ஏற்றபடி மாற்றி அமைத்த வண்டி என்கிற பொருளில் வேறு சொல் போட்டார்கள். குறையை ஆளிடமிருந்து எடுத்துவிட்டு, மாற்றத்தை வண்டியில் வைத்தார்கள். சின்னத் திருத்தம்தான். ஆனால் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தேவைக்குத் தருகிற அடையாளம், வாங்குகிறவரைக் குறுக்காமலும் தரப்பட முடியும்.

ஒரு நாள் அக்காவோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மாற்றுத்திறனாளி வண்டிகளுக்கென்று சக்கர நாற்காலி படம் வரைந்த இடத்தில் கட்சிக் கொடி கட்டின கார் நின்றது. டிரைவரிடம் கேட்டோம். "அஞ்சு நிமிசம்மா, அண்ணன் வந்துருவாரு" என்றான். அண்ணன் வர ஒரு மணி நேரம் ஆனது. காவலுக்கு நின்றவர் அந்தக் காரிடம் எந்தக் கார்டும் கேட்கவில்லை. வெயிலில் நின்ற அக்காவிடம்தான் கேட்டார்: "கார்டு வச்சிருக்கியாம்மா?"

பள்ளிக்கூடத்திலும் இதுதானே நடந்தது. "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரி, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கு." எழுந்து நின்றோம். அது நம் நம்பர் பிளேட். சாதிச் சான்றிதழ் என்கிற அந்தப் பலகையை வாழ்நாள் முழுக்கத் தூக்கிக் காட்டுகிறோம். காட்டினால் 'கோட்டாவுல வந்தது' என்கிறார்கள். சாதியைக் கார் கண்ணாடியில் எழுதி ஓட்டுகிறவனை யாரும் 'சாதியில வந்தவன்' என்று சொல்வதில்லை. அந்தஸ்துக்குத் தருகிற அடையாளத்துக்கு மரியாதை, தேவைக்குத் தருகிற அடையாளத்துக்கு அவமானம். நம் சமூகம் இரண்டையும் தலைகீழாகப் படிக்கிறது.

*

வண்டிக்கும் தகுதிக்கும் உள்ள சண்டை இன்றைக்கு நேற்றையது இல்லை. 1929ல் பம்பாய் அரசு அமைத்த ஒரு குழுவின் உறுப்பினராக அம்பேத்கர் சாலிஸ்காவ் போனார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் வாங்கிய பாரிஸ்டர். அவரை ஏற்றிக்கொண்டு போக எந்தக் குதிரை வண்டிக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியைத் தருகிறோம், நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. விருந்தாளியை நடக்க விடக்கூடாது என்று நம் சனங்கள் நினைத்த கௌரவம் ஒரு பக்கம். பாரிஸ்டரே ஆனாலும் தீண்டத்தகாதவருக்கு வண்டி ஓட்ட மாட்டேன் என்கிற வண்டிக்காரரின் கௌரவம் இன்னொரு பக்கம். இரண்டு கௌரவத்துக்கும் நடுவில் முறிந்தது அவர் கால்.

1997ல் தமிழ்நாட்டில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், ராணி மங்கம்மாள் என்று அரசு பஸ்களில் பேர் எழுதி ஓட்டினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்ததும் தென்மாவட்டம் எரிந்தது. அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரத்தில் உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பேரையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பேரையும் மொத்தமாக எடுத்துவிட்டது. அதை நடுநிலை என்று மெச்சியவர்கள் உண்டு. அத்தனை அரசர்கள் பேரோடும் ஓடின பஸ், ஒரே ஒரு தலித் பேர் வந்ததும் பேரே இல்லாத பஸ் ஆனது. பொது என்பது நமக்கு இப்படித்தான் கிடைக்கிறது. நாம் உள்ளே வந்த பிறகு, கதவைச் சாத்துவதற்குப் பதிலாக வீட்டையே இடித்துக் கொடுப்பார்கள்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். எங்கள் முன்னால் புல்லட் ஓட்டுகிறாயா என்று கேட்டு வெட்டினார்கள் என்று அவர் குடும்பம் சொன்னது. ஆர்.டி.ஓ. ஆபீசில் அவருக்குத் தகுதி உண்டு. தெருவில் வேறு ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் நடக்கிறது.

இப்போது 2025 செப்டம்பரில் உத்தரப் பிரதேச அரசு, அலகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, வண்டிகளில் சாதிப் பேர் எழுதக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 1997ஐப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும். எழுத்தை அழித்தால் எங்கள் ஊர்க் கார் யாருடையது என்று ஊருக்குத் தெரியாமல் போய்விடுமா? 'ஆண்ட பரம்பரை' என்ற எழுத்து பெரியப்பாவை அடிக்கவில்லை. அந்த எழுத்து அடிக்கிறவனைக் காப்பாற்றியது. எழுத்து இல்லாமலும் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

*

நம் பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். என் தம்பி புது பைக் வாங்கி, நம்பர் பிளேட்டில் பாதி இடத்துக்கு நீல எழுத்தில் 'ஜெய்பீம்' எழுதியிருந்தான். எண் கீழே பொடியாக இருந்தது. அழிக்கச் சொன்னேன். சண்டைக்கு வந்தான்.

"அவன் போட்டா வீரம், நான் போட்டா தப்பா சின்னக்கா? அவனுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா?"

அவன் கேள்வி லேசானது இல்லை. ஆதிக்க சாதிக்காரன் எழுதுவது 'ஒதுங்கு' என்கிற கட்டளை. இவன் எழுதுவது 'நானும் இருக்கிறேன்' என்கிற குரல். இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'எல்லா ஸ்டிக்கரும் ஒன்றுதான்' என்று சொல்கிற போலீஸ் நியாயத்தை நான் ஏற்க மாட்டேன். வாகனச் சோதனையில் அந்த ஸ்டிக்கருக்கு சல்யூட், இந்த ஸ்டிக்கருக்கு 'ஓரங்கட்டு' என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனாலும் தம்பியிடம் சொன்னேன்: "டேங்க்ல எழுது. முன்னாடி எழுது. சட்டையில குத்திக்கோ. பாபாசாகேப் பேர எங்க வேணாலும் வை. நம்பர மறைக்காத. நாளைக்கு உன் வண்டி ஒரு கெழவிய இடிச்சிச்சின்னா, அவ யாருகிட்ட போயி இன்னான்னு சொல்லுவா? பெரியப்பாவ உட்கார வச்ச மாதிரி அவளையும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார வைக்கணுமா?"

அவன் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் பிளேட்டை மாற்றினான். டேங்க்கில் இப்போது அம்பேத்கர் இருக்கிறார்.

நம்மால் அடிபட்டவருக்கும் நாம் அடையாளம் தெரிந்தவராக இருக்க வேண்டும். நான் புரிந்துகொண்ட சமத்துவம் இதுதான். அடிக்கிறவனுக்கு இருக்கிற மறைவிடம் நமக்கும் வேண்டும் என்று கேட்பது சமத்துவம் ஆகாது. ஒரு சிறப்பு அடையாளம் நியாயமா என்று சோதிக்க இரண்டு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். அது ஒருவருடைய தேவைக்காகத் தரப்படுகிறதா, அந்தஸ்துக்காகத் தரப்படுகிறதா? அதை வைத்திருப்பவர் அதற்குப் பிறகும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்கிறாரா, தப்பித்துக்கொள்கிறாரா? என் அக்காவின் வண்டி இரண்டிலும் தேறும். அவள் வண்டியில் எண் பளிச்சென்று தெரியும். இடஒதுக்கீடும் தேறும். எண்ணுக்குப் பதில் சின்னத்தை வைத்து ஓடிய கார்கள் தேறாது. பெங்களூர்ப் பையனுக்கும் சேர்த்து எழுதினால் அந்த பாரத் வரிசையும் தேறும்.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். சூளையில் கல் எண்ணிப் பழகினது. அந்தக் காரில் நாலு எண் ஒழுங்காக எழுதியிருந்தால் அன்றைக்கு அவர் சொல்லியிருப்பார். அந்தக் கார் இப்போதும் எங்கள் ரோட்டில் ஓடுகிறது. எஃப்.ஐ.ஆரில் அதற்குப் பேர் இன்னும் 'அடையாளம் தெரியாத வாகனம்'தான்.